ஆம்புலன்ஸ்காரர் வீட்டுக் கதவு

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் எல்லோரும் வேலையை விட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் வீட்டை விட்டு வேலைக்கு ஓடுவார். இருபத்தாறு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். காற்று எழும்புவதற்கு முன்னாலேயே நிலையத்துக்குள் போய்விட வேண்டும், காற்று ஓய்ந்து கடைசி ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"நமக்குக் கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. ஒரு புயலைக்கூட நாம சேர்ந்து பாத்ததில்ல," என்பார் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அதே பேர்தான்.

"பாக்கறதுக்கு அது என்ன சினிமாவா?" என்பார் இவர்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாரே தவிர, வழியெல்லாம் அவருக்கு வீட்டு ஞாபகம்தான். வீட்டில் டீச்சரும், டீச்சருடைய அப்பாவும் மட்டும்தான். மாமாவுக்கு எழுபத்தொன்பது வயது. அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்று காது இரண்டும் போனவர். முழங்கால் வேறு மடங்காது. புயலுக்கு முன் ஊரைவிட்டுப் போகலாம் என்றால், "நான் பஸ்ல ஏறி உக்கார்றதுக்குள்ள புயல் வந்து போயிடும் மாப்பிள்ளை, நீங்க வேலையப் பாருங்க," என்பார்.

அதனால் இவர் கிளம்புமுன் ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடிப்பார். தண்ணீர் பிடித்து வைப்பார். டார்ச்சுக்குப் புதுப் பேட்டரி போடுவார். வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். ஆனால் வீட்டிலேயே பெரிய கதவை, வீட்டோடு ஒரே கூரையின் கீழ் இரண்டு கார் நிற்கிற ஷெட்டின் கதவை, ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. நாலு தகரப் பலகைகளைக் கீல் வைத்து இணைத்த சாதாரணக் கதவு. தூக்கினால் இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறி, உள்கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இறக்கினால் கடகடவென்று இறங்கும். கதவு என்றால் மூடும், திறக்கும். அதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க வைத்தது மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு புயல்.

அன்றைக்குக் காற்று அடங்கிய கையோடு வந்த முதல் அழைப்பு, ஊரின் தெற்குப் பக்கத்தில் ஒரு வீடு. இவரும் கூட வேலை பார்க்கிற நர்ஸும் போய் இறங்கினால், சுவர் நாலும் நிற்கிறது, ஜன்னல் பலகைகள்கூட அப்படியே இருக்கின்றன, கூரையை மட்டும் காணோம். உள்ளே, நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், உத்தரக்கட்டை விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் கால் மணி நேரத்துப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆனது. இவர் இறங்கிக் கிளையை வெட்டுவதும், ஏறி நாலடி ஓட்டுவதும், மறுபடி இறங்குவதுமாக இருந்தார்.

அந்த மூன்று மணி நேரமும் அந்த அம்மா வலியில் கத்தவில்லை. திட்டிக்கொண்டே வந்தார். யாரை? தன்னைத்தான்.

"எனக்கு வேணும் நர்ஸம்மா. நல்லா வேணும். நான் யார் தெரியுமா? கதவு மாட்டுறவ. பதினெட்டு வருஷமா இதே தொழில். ஊருக்கெல்லாம் ஷெட் கதவு மாட்டறேன், என் வீட்டுக்கு ஓட்டை உடைசலா கிடந்த பழைய கதவை எடுத்து மாட்டிக்கிட்டேன். அதுதான் மொதல்ல உள்ள வந்து விழுந்துச்சு. பின்னாடியே காத்தும் வந்துச்சு. வந்த காத்து வெளிய போக வழி வேணாமா? கூரையத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இவர் காதில் அது விழுந்தது. கூரை வெளியிலிருந்து பிய்வதில்லை, உள்ளேயிருந்து தூக்கப்படுகிறது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அன்று ஒன்பது வீடுகளுக்குப் போனார். எல்லா இடத்திலும் ஆளைத் தூக்குவதற்கு முன் அவர் கண் ஷெட் கதவைத்தான் தேடியது. கூரை போன வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் கதவும் கசங்கிய காகிதம்போல உள்ளே கிடந்தது.

வீட்டுக்கு வந்து டீச்சரிடம் சொன்னார். செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அப்புறம் வேலை, வேலை என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. இதெல்லாம் அப்படித்தானே.

ஒரு விடுமுறை நாள் காலை. இவர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு தானும் இறங்கினார் அந்தக் கதவுக்காரம்மா. இவருக்கு ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, உடனே சங்கடமும் வந்தது. யாராவது நன்றி சொல்ல வந்தால் அவருக்குக் கை கால் ஓடாது. "வண்டிதாங்க ஓடுச்சு, நான் சும்மா உக்காந்திருந்தேன்," என்று சொல்லிவிட்டு நழுவுகிற ஆள்.

"பயப்படாதீங்கண்ணே, நன்றி சொல்ல வரல," என்றார் கதவுக்காரம்மா, அவர் முகத்தைப் படித்ததுபோல. "உங்க கதவைப் பாக்க வந்தேன்."

சொல்லிக்கொண்டே ஷெட் கதவின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். கதவு முழுக்க அலை அலையாகக் குலுங்கியது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தகரம் சிணுங்கியது.

"இது கதவு இல்லண்ணே. கப்பல் பாய்."

பின்னால் வந்து நின்ற டீச்சர்தான் சிரித்துவிட்டு, "உள்ள வாங்க, டீ போடறேன்," என்றார்.

டீ ஆறிப்போனது. கதவுக்காரம்மா டேப்பை நீட்டி அளந்துகொண்டே இருந்தார். கதவைத் தாங்குகிற தண்டவாளம் சுவரின் ஓரத்து மரச்சட்டத்தில் நாலே நாலு ஸ்க்ரூவில் நிற்பதைக் காட்டினார். ரோலர்களின் காம்பு விரல் நீளம்கூட இல்லை, கதவு கொஞ்சம் வளைந்தாலே தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும் என்றார். "உங்க வீட்டுல இருக்கற ஜன்னலெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு ஓட்டை அளவு வராது. அதைப் போய் இந்தத் தகரத்தை நம்பி விட்டிருக்கீங்களே."

"சரிம்மா, ஆள் வச்சுப் பாத்துக்கறேன்," என்று இழுத்தார் இவர்.

"ஆள்தான் வந்திருக்கேன்ல?" என்று அந்த அம்மா ஒற்றைக்காலில் நின்றார். முறிந்த கால் இன்னும் முழுதாகக் கூடாததால், நிஜமாகவே ஒற்றைக்காலில்தான் நின்றார். அதைப் பார்த்து மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு இவருடைய பிடிவாதமும் போனது. இரும்பை மட்டும் நான் வாங்கித் தருவேன் என்று இவரும், கூலிப் பேச்சை எடுத்தால் இப்படியே வேனைத் திருப்பிவிடுவேன் என்று அந்த அம்மாவும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

வேலை இரண்டு நாள் நடந்தது. மரச்சட்டத்தை நம்பாமல், சுவரின் கான்கிரீட்டையே துளைத்து, கட்டைவிரல் தடிமனான போல்டுகளை இறக்கித் தண்டவாளத்தைப் பிடித்தார். இரண்டு பக்கத்திலும் அடிக்கு ஒரு பிடிப்பு. ரோலர்களை நீளக் காம்பு உள்ளதாக மாற்றினார். ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். அதற்கு மேல், மூன்று இரும்புத் தூண்கள். அவை எப்போதும் நிற்பவை அல்ல. புயல் வரும்போது மட்டும் கதவுக்கு உள்ளே நட்டுவிட வேண்டும். கீழ்முனை தரையில் போட்ட குழியில் இறங்கும், மேல்முனை உத்தரத்தில் பதித்த பட்டையில் போல்டு போட்டு நிற்கும். நடுவில் ஒவ்வொரு பலகையையும் தூணோடு கவ்வ ஒரு கொக்கி.

"இதை மாட்டுறது யாரு?" என்று கேட்டார் கதவுக்காரம்மா.

"நான்தான்," என்றார் இவர்.

"நீங்கதான் புயல் வந்தா வீட்டுலயே இருக்க மாட்டீங்களே. திடீர்னு அனுப்பிட்டா? அண்ணி, நீங்க வாங்க."

அண்ணி என்று கூப்பிட்டதும் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "பொறந்த வீட்டுலயும் ஒண்ணு, புகுந்த வீட்டுலயும் ஒண்ணுன்னு ஒத்தைப் பிள்ளைங்களா வந்து சேர்ந்தோம். எனக்கு நாத்தனார்தான் இல்லையேன்னு பாத்தேன். அதுவும் ஸ்பானரோட வந்திருக்கு," என்று புடவையைச் செருகிக்கொண்டு வந்தார்.

முதல் தடவை மூன்று தூண்களையும் நட டீச்சருக்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு தூணைக் காலில் போட்டுக்கொள்ளவிருந்தார். கதவுக்காரம்மா விடவில்லை. கழற்றுங்கள், மறுபடி மாட்டுங்கள். மாமா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தொண்ணு!" என்று கத்துவார். "இருபத்தாறு! பாப்பா, ரெண்டாவது தூண்ல நேரம் போகுது பாரு!" அன்றைக்கு அவர் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அதற்குப் பிறகும் டீச்சர் மாதம் ஒரு ஞாயிறு பயிற்சி எடுத்தார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஒரு நோட்டில் நிமிஷங்களை எழுதி வைத்தார். கடைசியில் பதினோரு நிமிஷத்தில் வந்து நின்றது.

எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர் இதைப் பார்த்துக் கிண்டல் செய்வார். "டீச்சரம்மா, யாரு படையெடுத்து வர்றா? கோட்டைக் கதவை இந்த மூடு மூடறீங்க?"

அடுத்த வருஷம் வந்தது அது.

வானிலைக்காரர்கள் மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் மதியமே இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து முடித்தார், தூண்களை நட நேரமில்லை. "போங்க, பதினோரு நிமிஷ வேலை," என்றார் டீச்சர். சாயங்காலம் ஃபோன் செய்தபோது டீச்சர் குரலில் ஒரு தயக்கம். "ரெண்டு மாட்டிட்டேங்க. நடுத்தூண் இறங்க மாட்டேங்குது. தரைக்குழியில என்னமோ அடைச்சிருக்கு. விடிஞ்சதும் பாக்கறேன்." அதற்குமேல் பேசுமுன் இணைப்பு போய்விட்டது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

நிலையத்தில் நாலு வண்டிகள் ஒரு பெரிய கூடத்தில் நிற்கும். அதன் முகப்பிலும் இரும்புக் கதவுதான். காலை ஏழு மணிக்குக் காற்று முழு வேகத்தில் பிடித்தபோது, அந்தக் கதவு மூச்சு விடுவதுபோல உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. மற்ற டிரைவர்கள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இவர் மட்டும் கூடத்தில், வண்டியின் படியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அது உள்ளே வளையும்போதும் அவர் நெஞ்சும் கூடவே வளைந்தது. நடுத்தூண். நடுத்தூண். அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது.

நர்ஸம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரே வண்டியில் போகிறவர். கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு அவரும் கதவைப் பார்த்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே போகலாம் என்று உத்தரவு வந்தது. முதல் அழைப்பு பிரசவ வலி. அதுவும் இவர் வீட்டுப் பக்கம், நாலு தெரு தள்ளி. பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இவருடைய தெருமுனையைத் தாண்டித்தான் போகவேண்டும். பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, உங்க தெரு வருது. ஒரு எட்டு திருப்பிப் பாத்துட்டுப் போயிடலாம். ஒரு நிமிஷம்தான்."

"வேணாம்மா."

"அண்ணே..."

"குழந்தைக்கு அந்த ஒரு நிமிஷம் தேவைப்படலாம்."

வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. தலையையும் திருப்பவில்லை, திருப்பினால் கை தானாகத் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். சாலையில் கிடந்த மின்கம்பியை மட்டும் பார்த்து ஓட்டினார். தெருமுனை வந்தது, போனது. பின்னாலிருந்து நர்ஸம்மா போட்ட சத்தத்தில் பிரசவ வலிக்காரியே ஒரு கணம் முனகலை நிறுத்திவிட்டாள்.

"கூரை இருக்குண்ணே! உங்க வீட்டுக் கூரை இருக்கு!"

"எந்தக் கூரை? நல்லாப் பாத்தியா?"

"பச்சைத் தண்ணி டேங்க் இருக்கற வீடுதானே? டேங்க் இல்ல, கூரை இருக்கு! ஷெட் கதவும் நிக்குது!"

டேங்க் இல்லையா என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடி மங்கலாகிறது என்று வைப்பரைப் போட்டார். மழை அப்போது நின்றிருந்தது. மங்கியது கண்ணாடியில்லை என்பது புரிந்ததும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கின இருபதாவது நிமிஷம் அந்தப் பெண்ணுக்குப் பெண்குழந்தை பிறந்தது.

மறுநாள் மதியம்தான் அவரை வீட்டுக்கு விட்டார்கள். தெருவுக்குள் கார் போகவில்லை. முனையிலேயே நிறுத்திவிட்டு, உடைந்த ஓடுகளின் மேல் நடந்து வந்தார். எதிர்வீட்டுக்குக் கூரையே இல்லை. அந்த வீட்டின் ஷெட் கதவு உள்ளே விழுந்து, அவர்களுடைய ஸ்கூட்டரின் மேல் போர்த்தினாற்போலக் கிடந்தது. தன் வீட்டைப் பார்த்தார். ஷெட் கதவின் நடுவில், பச்சைத் தண்ணீர் டேங்க் வந்து மோதின இடத்தில், ஒரு அண்டா அளவுக்குப் பள்ளம். கதவு முழுக்க ஒரு கை அகலம் உள்ளே வளைந்திருந்தது. ஆனால் நின்றது. போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் சூடாக இருந்தது.

பக்கவாட்டுச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனால், வீடு நிறைய ஆட்கள். முடிதிருத்துகிறவர், அவர் மனைவி, இரண்டு மகள்கள், அவர்களுடைய நாய். மாமா நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவ்வளவுதான். டீச்சர் தட்டை நீட்டினார். இவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் எதிரில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. முடிதிருத்துகிறவர் நாகரிகமாக நாயைப் பார்த்தார்.

பிறகுதான் எல்லோரும் சேர்ந்து கதையைச் சொன்னார்கள். ஒருவர் விட்டதை ஒருவர் பிடித்துக்கொண்டு.

காற்று முதலில் வீட்டின் பின்பக்கமிருந்து அடித்ததாம். எதிர்வீட்டுக்கு அது முன்பக்கம். ஒன்பது மணி வாக்கில் எதிர்வீட்டு ஷெட் கதவு உள்ளே போனது. அரை மணி நேரத்தில் கூரை பலகை பலகையாகப் போனது. அவர்கள் நாலு பேரும் குளியலறையில் நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் திடீரென்று காற்று நின்றது. வெயில்கூட வந்தது. புயலின் கண் தலைக்கு மேலே வந்திருக்கிறது, அரை மணி நேரம் இருந்தால் அதிகம், அடுத்து காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும் என்பது டீச்சருக்குத் தெரியும். வாசலுக்கு ஓடிவந்து, வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினார்: "எல்லாரும் இங்க வாங்க! எதையும் எடுக்காதீங்க, வாங்க!"

ஓடி வந்தார்கள். வந்தவர்களை உட்காரக்கூட விடாமல் டீச்சர் முடிதிருத்துகிறவரை ஷெட்டுக்கு இழுத்துப் போனார். இனி வரப்போகிற காற்று நேராக இந்தக் கதவில்தான் அடிக்கும். நடுத்தூண் இன்னும் தரையில் கிடந்தது. குழியில் என்ன அடைத்திருந்தது என்றால், சுவரைத் துளைத்தபோது விழுந்து மூலையில் கிடந்த சிமெண்ட் தூள், கடைசிப் பயிற்சிக்கு அப்புறம் பெருக்கியபோது குழிக்குள் போய், ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. காலையிலிருந்து டீச்சர் கரண்டிக் காம்பால் நோண்டிப் பாதி எடுத்திருந்தார். முடிதிருத்துகிறவர் தன் சட்டைப்பையைத் தடவினார். அவர் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும்.

"இருபது வருஷமா சாணை பிடிச்சுப் பிடிச்சு வச்சிருந்த கத்தரி டீச்சரம்மா அது," என்றார் இப்போது, அந்த முனை மழுங்கிய கத்தரிக்கோலை எடுத்துக் காட்டி. "நேத்து மண்வெட்டியாச்சு."

குத்திக் குத்தி எடுத்தார்கள். தூண் இறங்கியது. மேலே போல்டு, நடுவில் கொக்கிகள். மாமா வழக்கம்போலக் கடிகாரத்தோடு நின்றாராம். டீச்சர் கடைசிக் கொக்கியை மாட்டியபோது தூரத்தில் ரயில் வருகிறாற்போல ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் வீட்டின் நடுவிலிருந்த நடைவழிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அப்புறம் நாலு மணி நேரம்," என்றார் டீச்சர். "யாருக்கும் ஒண்ணும் தெரியல. இருட்டு. சத்தம். அப்பாவுக்கு மட்டும்தான் சத்தம் கேக்கல. அவருதான் ஷெட்டுப் பக்கத்துச் சுவத்துல கையை வச்சுக்கிட்டே இருந்தாரு. கதவு குலுங்கறது சுவத்துல தெரியுமாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லுவாரு, நிக்குது பாப்பா, இன்னும் நிக்குதுன்னு. அதை வச்சுத்தான் நாங்க உக்காந்திருந்தோம்."

மாமாவுக்குத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்தது. "டேங்க் வந்து இடிச்சப்ப கை மரத்துப்போச்சு மாப்பிள்ளை," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "மெஷின் ஓடற மாதிரியே இருந்துச்சு. பழக்கம்தானே."

ஆம்புலன்ஸ்காரருக்கு அடுத்த விடுமுறை நாள் வர ஒன்பது நாள் ஆனது. அன்று காலையே கதவுக்காரம்மாவைத் தேடிக் கிளம்பினார். வீட்டில் இல்லை. வீடு நன்றாக இருந்தது, கூரையும் கதவும் சேர்த்து; அதைப் பார்த்துப் பாதி மூச்சு வந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு போனால், மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நான் கதவு போட்ட வீடெல்லாம் ஒண்ணொண்ணா பாத்துட்டு வர்றேன். பதினாறு பாத்தாச்சு. பதினஞ்சு நின்னிருக்கு, ஒண்ணு மட்டும் வளைஞ்சு பக்கவாட்டுல கழண்டிருக்கு, ஆனா யாருக்கும் அடி இல்ல. உங்களது?"

இவர் வாயைத் திறந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. தன்னிடம் நன்றி சொல்ல வந்தவர்களையெல்லாம் வாயடைத்து அனுப்பினாரே, அவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில், ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒப்படைக்கும்போது டாக்டரிடம் சொல்வாரே, அந்தத் தொனியில் ஆரம்பித்தார்.

"காத்து காலைல ஏழு மணிக்குப் பிடிச்சுது. பத்தரைக்கு மேல நேரா கதவுல. ரெண்டாவது பலகையில அடி பட்டிருக்கு, தண்ணி டேங்க். கதவு கை அகலம் உள்ள வளைஞ்சிருக்கு. தண்டவாளம் ஒரு போல்டுகூட அசையல. தூண் மூணும் இருக்கு, நடுவுல இருக்கறது லேசா கோணல். உள்ள ஆறு பேரு, ஒரு நாய். யாருக்கும் ஒரு கீறல் இல்ல." மறுபடியும் அதையே சொன்னார். "ஒரு கீறல் இல்லம்மா."

கதவுக்காரம்மா ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார், முறிந்து கூடிய காலைப் பார்த்துப் பார்த்து வைத்து. மூக்கை உறிஞ்சி, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"உள்ள ஆறு பேரா?"

"ஆறு பேரு."

"அண்ணி எவ்வளவு நேரத்துல மாட்டினாங்க?"

"நடுத்தூணுக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிஷம். குழி அடைச்சிருந்துச்சு."

"என் தப்பு," என்றார் கதவுக்காரம்மா. "குழிக்கு மூடி போட்டுத் தந்திருக்கணும். இனிமே எல்லா வீட்டுக்கும் மூடி." உடனே ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார். "நீங்க நன்றி சொல்றது ரொம்ப நல்லா இருக்குண்ணே. எக்ஸ்ரே பாத்துச் சொல்ற மாதிரி."

அந்த மாதம் முழுக்க எதிர்வீட்டுக்காரர்கள் இவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மகள்கள் இரண்டு பேரும் டீச்சரிடம் கணக்குப் படித்தார்கள், அதாவது வேறு வழியில்லாமல் படித்தார்கள். நாய் மாமாவின் கட்டிலடியை விட்டு நகரவில்லை. எதிர்வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த மறுநாள், ஷெட்டுக்குக் கதவு மாட்ட வேன் வந்தது. இவருக்கு அன்று விடுமுறை. டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, தூணை நிமிர்த்த, போல்டுகளை எண்ணிக் கொடுக்க என்று காலையிலிருந்து கூடவே நின்றார். துளை போடும்போது தரைக்குழிகளைத் துணியால் மூடிவைத்தது அவர்தான். சாயங்காலம் கதவை இறக்கி மூடியதும், வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார்கள். சின்ன மகள் முதுகைக் கொடுத்தே தள்ளினாள். அது அசையவில்லை.

முடிதிருத்துகிறவர் உள்ளே போய் ஒரு நாற்காலியையும் வெள்ளைத் துணியையும் எடுத்து வந்து வாசலில் போட்டார். புதுக் கத்தரிக்கோல் ஒன்றும் கையில் இருந்தது.

"எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான்மா. உக்காருங்க."

"ஐயோ, எனக்கு எதுக்கு? தலையெல்லாம் சிமெண்ட் தூளு," என்று பின்வாங்கினார் கதவுக்காரம்மா.

"அதனாலதான் சொல்றேன். கல்லாகறதுக்குள்ள கழுவி, நுனியச் சீராக்கி விடறேன்."

அவர் மனைவி வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தார். கதவுக்காரம்மா வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிட்டார். ஆம்புலன்ஸ்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அடுத்த முறை தன்னுடையது என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். எதிரே, பள்ளம் விழுந்த பலகைக்குப் பதிலாகப் புதிதாகப் போட்ட பலகை மட்டும் வேறு நிறத்தில், அவர் வீட்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து மாமா நாயோடு சத்தமாகப் பேசுவது கேட்டது.